மூன்று கடையும் பூட்டிய வியாழக்கிழமை

சேசு துணை

கருங்கல்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும்.

பாசமும் மரியாதையும் மிக்க டைட்டஸ் அத்தான் அவர்களுக்கு, தங்கள் தங்கை லீமாவைக் கட்டிய ராஜையன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் லீமாவும் சுகம். மாப்பிள்ளை வீட்டில் எங்கள் மகள் ஷைஜாவும் சுகம். அங்கு தாங்களும் அக்காவும் தங்கள் மகள், எனக்கு மருமகளான ரெஜிஷாவும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன் என்று எழுத வந்தேன். மருமகள் பெயரை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. மேலே எழுதிய சுகமும் முழு உண்மையில்லை. லீமா ஒரு வாரமாக "சோறு வச்சிருக்கு" என்பதற்கு மேல் என்னிடம் பேசுவதில்லை.

கருங்கலில் பஸ் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடிக்குமுன் தங்கள் பாலப்பள்ளம் வந்துவிடும். அந்தத் தூரத்துக்குத் தபால் எழுதுகிறானே, இவனுக்கு என்ன கிறுக்கா என்று தாங்கள் நினைக்கலாம். நேரில் வந்தால் தங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். போனில் பேசினால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், அடுக்களையில் நிற்கிற ரெஜிஷாவுக்குக் கேட்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமென்றால், தாங்கள் மஸ்கட்டிலிருந்து வந்த வருஷமே அவள் தங்கள் வாட்ஸ்அப்பைத் தன் லேப்டாப்பிலும் இணைத்து வைத்துவிட்டாள். அதனால்தான் இந்தத் தபால் கவர். இதை வாங்கத் தபாலாபீசுக்குப் போனபோது, அங்கிருந்த பெண் இது யாருக்கு என்று ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கே நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழில் என்னவென்று தாங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பீர்கள், நானும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கை வாயில் போட்டு மழுப்பிவிடுவேன். இப்போது சொல்கிறேன். சின்னக் கடைக்காரர்களால் பில்லுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று தனித்தனிக் கணினி வாங்கி வைக்க முடியாது. ஆகவே கடைக்கு ஒரே ஒரு பெரிய பெட்டி, அதுதான் சர்வர். அதற்குள் நாலைந்து கணினி இருப்பதாகப் பாவித்து ஓட்டுவோம். ஒரே வீட்டில் நாலு குடித்தனம் போல, ஒருவர் சட்டி அடுத்தவர் அடுப்பில் ஏறாது. இப்படி எங்களுக்கு மூன்று இடம். மார்த்தாண்டத்தில் ஞானபாய் அக்காவின் ஜவுளிக்கடை, அஞ்சுகிராமத்தில் வைகுண்டராஜன் அண்ணாச்சியின் சிமெண்ட் கம்பிக் கடை, நம்ம கருங்கலில் தாணுவின் ரத்தப் பரிசோதனை நிலையம். ஒவ்வொரு பெட்டியிலும் மற்ற இரண்டு கடைகளின் நகலும் இருக்கும். ஒரு பெட்டி அணைந்தால் இன்னொன்று அந்த நகலை எழுப்பி வேலையைத் தொடரும். கடைக்காரருக்கு அணைந்ததே தெரியாது. மூவருக்கும் வெளியூரில் இருக்கிற கிளைகளும் இதே பெட்டிகளை நம்பித்தான் ஓடுகின்றன. தொலைபேசித் துறையில் முப்பது வருஷம் கம்பம் ஏறிவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு இதில் ஒரு எழுத்து தெரியாது. திருவனந்தபுரத்து வேலையை விட்டுவிட்டு வந்து இதையெல்லாம் அமைத்தது ரெஜிஷா. விசிட்டிங் கார்டில் "நிர்வாக இயக்குநர்" என்று போட்டுக்கொண்டது நான்.

நான் செய்தது ஒன்றே ஒன்றுதான், அதுதான் கெடுத்தது. நம்ம பக்கத்துக் கடைக்காரர்களின் ஒரு பழக்கம் தங்களுக்குத் தெரியும். கடையைப் பூட்டுமுன் மெயின் சுவிட்சை இறக்கி, அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார்கள். பூட்டிய கடைக்குள் கரண்ட் இருந்தால் தீப்பிடிக்கும் என்று பயம். சர்வருக்குத் தனி லைன் இழுத்து, சிவப்பு டேப் சுற்றி, "இதைத் தொடாதீர்கள்" என்று ரெஜிஷா அட்டை மாட்டினாள். அண்ணாச்சி அந்த அட்டைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அந்தச் சுவிட்சையும் இறக்கினார். மூன்று இடத்திலும் இதே கதைதான். அப்போது நான் ஒரு யோசனை கண்டுபிடித்தேன். ஞானபாய் அக்கா ஞாயிறும் பெரிய வெள்ளியும் பூட்டுவார். அண்ணாச்சி அய்யாவழிக்காரர், அய்யா பிறந்த நாளுக்கும் சாமிதோப்புத் தேரோட்டத்துக்கும் பூட்டுவார். தாணுவின் லேப் ராத்திரியும் திறந்திருக்கும், ஆயுத பூசைப் பகலில் மட்டும் அவன் ஊசியைத் தொடமாட்டான். மூவரும் ஒரே நாளில் பூட்டவே மாட்டார்கள்! எப்போதும் ஒரு பெட்டியாவது முழித்திருக்கும். கோயில் காலண்டர், சாமிதோப்பு நோட்டீஸ், பஞ்சாங்கம் மூன்றையும் விரித்து வைத்து, மூன்று கலர் பேனாவால் ஒரு அட்டவணை போட்டு, ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டினேன்.

ரெஜிஷா மூன்று கலரையும் மாதம் மாதமாக விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"மாமா, மூணு பேரும் ஒரே நாளு பூட்டினா என்ன செய்வோம்?"

"அப்படி ஒரு நாளு இன்னும் பிறக்கல்ல மக்களே" என்றேன். கொரோனாவில் நாடே பூட்டியபோதுகூட தாணுவின் லேப் திறந்திருந்ததை எடுத்துச் சொன்னேன். வெளியே வாடகைக்கு ஒரு இடம் பிடித்து நாலாவதாக ஒரு நகல் வைக்கலாம் என்று அவள் சொன்னாள், எழுதியும் தந்தாள். நம்ம வீட்டுச் சாமானை ஏன் ஊர் பேர் தெரியாதவன் வீட்டில் கொண்டு வைக்க வேண்டும் என்று சொல்லி, அந்தத் தாளை அதே அட்டவணைக்கு அடியில் குத்தி வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அத்தான், அந்த நாள் பிறந்தது. நானே நாள் குறித்து, நானே அட்டை அச்சடித்து, நானே வீடு வீடாகக் கொண்டு கொடுத்துப் பிறக்க வைத்தேன். ஷைஜா கல்யாணத்துக்கு இந்த மூவரையும் நேரில் அழைக்கப் போனபோது என் வாய்க்கு ஒரு வேகம் வந்தது. மகளைக் கட்டிக்கொடுக்கிறவன் வாய், தங்களுக்குத் தெரியாததா. குடும்பத்தோடு வரணும், வேலைக்கு நிற்கிற பிள்ளைகளையும் கூட்டி வரணும், ஒருத்தர் குறைந்தாலும் மனசு கேட்காது என்று சொன்னதோடு விட்டிருக்கலாம். அண்ணாச்சி பாவம், வியாழக்கிழமை லோடு வருமே என்று தயங்கினார். நான் விடவில்லை.

"லோடு நாளைக்கும் வரும் அண்ணாச்சி. ஷைஜாக்க கல்யாணம் நாளைக்கு வருமா? கடையைப் பூட்டிட்டு வாங்க."

இதே வசனம் நன்றாக அமைந்துவிட்டதே என்று மார்த்தாண்டத்திலும் சொன்னேன். ஊருக்குள் இருக்கிற தாணுவிடமும் சொன்னேன். பொதுவாக இதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது, கேட்கிறவரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டு பேரை அனுப்புவார். இவர்கள் என்மேல் வைத்த மரியாதையில் நிஜமாகவே பூட்டிவிட்டு வந்தார்கள்.

கோயில் வாசலில் நான் பட்டு வேட்டியோடு நின்றபோது அண்ணாச்சி ஒரு வேன் நிறைய ஆட்களோடு இறங்கினார். பின்னால் ஞானபாய் அக்கா, தொடர்ந்து தாணு. மூன்று வாடிக்கையாளரும் மூன்று திசையிலிருந்து வந்திருக்கிறார்களே என்று சம்பந்தியிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். மூவரும் இங்கே நின்றால் கடையில் யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டிகளுக்கு பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். காலையில் முதலில் கிளம்பிய அஞ்சுகிராமம் முதலில் போயிருக்கிறது, அடுத்து மார்த்தாண்டம். கடைசியில் கருங்கல் பெட்டி மட்டும் மூன்று கடையையும் இருபது நிமிஷம் தனியாகச் சுமந்துவிட்டு, அதுவும் அடங்கியது. அந்தப் பெட்டிக்கு இருந்த பொறுப்பு எனக்கு இருக்கவில்லை.

பூசை நடுவில் ரெஜிஷா போனைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை என் பக்கம் வரப் பார்த்தாள். கோயிலுக்குள் என்ன போன் என்று நான் கண்ணாலேயே அதட்டி உட்கார வைத்தேன். பிறகு பந்தி. மூவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, கடைசிப் பாயசமான பிரதமன் ஊற்றும் வரைக்கும் நானே கூட நின்று கவனித்தேன். அண்ணாச்சி பிரதமனில் பழத்தைப் போட்டுப் பிசைந்துகொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. பணகுடியில் அவர் சரக்கு அடுக்குகிற கிட்டங்கி வாசலில் லாரி நிற்கிறது, சீட்டு அடிக்க முடியவில்லை. அவர் வைக்குமுன் ஞானபாய் அக்காவுக்கு வந்தது. களியக்காவிளைக் கிளையில் கூட்டம் நிற்கிறது, பில் வரவில்லை. அடுத்தது தாணுவுக்கு. குளச்சல் கிளையில் ரத்தம் கொடுத்தவர்கள் ரிப்போர்ட் கேட்டு நிற்கிறார்கள். மூன்று பேரும் பிரதமன் கையோடு ஒரே சமயம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்தில் சம்பந்தி நின்றார். கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு, வீடியோக்காரனும் நின்றான்.

அப்போது நான் சொன்னதைத்தான் அத்தான், தங்களுக்கு எழுத வேண்டும்.

"அது ரெஜிஷா பாக்குத வேலை. என்னத்தையோ மாத்திப் போட்டிருக்கா. நான் கேட்டுச் சொல்லுதேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினால் பப்படத் தட்டோடு அவள் பின்னால் நிற்கிறாள். தட்டை மேஜையில் வைத்தாள். தாணுவிடம் லேப் சாவியை வாங்கினாள். கல்யாணப் பட்டுச் சேலையோடு ஸ்கூட்டரில் ஏறிப் போனாள். மூன்று கடைக்கும் எது புது நகல், எது பழைய நகல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எழுப்ப வேண்டுமாம். அவசரத்தில் மாற்றி எழுப்பினால் ஒரே பில் நம்பர் இரண்டு பேருக்குப் போகும், ஒருவர் ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போகும். அவள் ஒன்றும் தப்பாமல் எழுப்பிவிட்டு மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது மண்டபத்தில் இலை எடுத்துக் கழுவி விட்டிருந்தார்கள். லீமா இரண்டு மட்டி வாழைப்பழமும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்தாள். குடும்பப் போட்டோ எடுத்தபோது தாய்மாமனாக மேடையில் நின்ற தாங்கள், ரெஜிஷா எங்கே என்று என்னிடம் கேட்டீர்கள். இங்கேதான் எங்கேயோ நிற்பாள் என்றேன். அது இரண்டாவது பொய்.

அவள் மறுநாளும் வேலைக்கு வந்தாள். இரண்டு வாரம் எல்லாவற்றையும் எழுதி ஒழுங்குபடுத்தினாள். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, எது போனால் எதைத் தட்ட வேண்டும் என்று எனக்குப் புரிகிற தமிழில் ஒரு நோட்டு நிறைய எழுதினாள். சனிக்கிழமை அந்த நோட்டின்மேல் ராஜினாமாக் கடிதத்தை வைத்துத் தந்தாள். காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று இருந்தது. நல்ல இடம் கிடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். தங்களிடமும் அவள் அதையே சொல்லியிருப்பாள். அவள் வாயால் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த நாள் ஞாயிறு, சம்பந்தி வீட்டில் விருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் கல்யாண வீடியோ போட்டார்கள். அவர்கள் வீட்டு டிவி தாங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஒரு கதவு அகலம். மண்டபத்துக்கு மேலே கேமரா பறந்தது, தாங்கள் மாலை போட்டது வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பந்தி வந்தது. கதவு அகலத்துக்கு என் முகம். வீட்டுக்கே கேட்கும்படி என் குரல். பின்னால் பப்படத் தட்டோடு ரெஜிஷா. அன்று நான் திரும்பிப் பார்க்க எடுத்த நேரத்தில் அவள் முகம் எப்படி மாறியது என்பதை வீடியோக்காரன் விடாமல் எடுத்திருந்தான். சம்பந்தி சிரித்துக்கொண்டே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு கிடையாது என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்றாவது தடவை. சேவல் கூவுமுன் சீடர் ஆண்டவரை மூன்று தடவை மறுதலித்ததைக் கோயிலில் வாசிக்கக் கேட்டிருக்கிறோமே, அதேதான். சேவலுக்குப் பதிலாக சம்பந்தி வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கியதும் லீமா கேட்டாள்.

"அவ எனக்க அண்ணனுக்க மவ. ஒங்களுக்குப் பழி போட வேற ஆளு கிடைக்கல்லியா?"

இல்லை, கிடைக்கவில்லை. அவள்தான் கோபப்படமாட்டாள் என்று தெரியும். அதனால் அவள் பெயர் வாயில் வந்தது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது அத்தான், எழுதாமலிருந்தால் இன்னும் வெட்கமாயிருக்கும்.

மறுநாளே மூன்று பேரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். திங்கட்கிழமை மார்த்தாண்டம். "அக்கா, கல்யாணத்தன்னைக்கு..." என்று ஆரம்பித்ததுமே ஞானபாய் அக்கா, கல்யாணம் என்றால் அதுதான் கல்யாணம் என்று பிரதமனைப் புகழ ஆரம்பித்து, லீமாவுக்குக் காட்டுங்கள் என்று முப்பது சேலையை என் முன்னால் விரித்துப் போட்டார். கடைசியில் தலை துவட்ட இரண்டு துவர்த்தும் கையில் கொடுத்து என்னைப் படியிறக்கி விட்டார். செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலில் பஸ் மாறி அஞ்சுகிராமம் போனேன். அண்ணாச்சி நான் வாயைத் திறக்குமுன், சாப்பாட்டு நேரத்தில் வேலை பேசப்பிடாது என்றார். சாப்பிட்டதும், சாப்பிட்ட உடனே பேசப்பிடாது என்றார். பிறகு ஒரு முழு மட்டிக் குலையை என் தோளில் ஏற்றி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்டக்டர் குலைக்குத் தனி டிக்கெட் போட்டான். புதன்கிழமை தாணு என் முகத்தைப் பார்த்ததும், என்ன இப்படி வெளுத்திருக்கிறீர்கள் என்று நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் ரப்பரைக் கட்டிவிட்டான். நான் ஒப்புக்கொள்ளப் போனேன், அவன் ரத்தம் எடுத்தான். சர்க்கரை கூடியிருக்கிறது. ரிப்போர்ட் நான் வீடு சேருமுன் போனில் வந்துவிட்டது. ரெஜிஷா அமைத்து வைத்தது அவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது.

பேசாமல் மூவரையும் ஒரே இடத்துக்கு அழைத்து ஒரே நாளில் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். மூவரையும் ஒரே இடத்துக்கு அழைப்பது என்று நினைத்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது.

ஆகவே அத்தான், ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மூவருக்கும் இதேபோல் கடிதம் எழுதுகிறேன். தப்பு முழுக்க என்னுடையது, அந்தப் பிள்ளை முன்கூட்டியே எழுதித் தந்தும் நான்தான் கேட்கவில்லை என்று எழுதி, அந்தத் தாளையும் சுவரிலிருந்து எடுத்து நகல் வைத்து அனுப்புகிறேன். பிறகு இந்தத் தொழிலை விட்டுவிடுகிறேன். மூன்று கடையையும் ரெஜிஷாவே தன் பெயரில் நடத்தட்டும். அவள் சம்மதிக்க மாட்டாள், மாமா இருக்கும்போது எப்படி என்பாள். தாங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் அவளை என் ஆபீசில் கொண்டு விட்டபோது, "எனக்க பிள்ளைக்கு நல்ல பேரு வேணும், அது போதும்" என்று தாங்கள் சொன்னீர்கள். அந்த ஒன்றைத்தான் நான் பந்தியில் வைத்துக் கெடுத்தேன். அதைத் திருப்பிக் கொடுக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

தங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு குறையும் வராமல் மாதா காக்கட்டும். அக்காவின் முழங்கால் வலிக்கு லீமா எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள், வாங்கிப் போக ஆள் அனுப்பவும். என்னை அனுப்பினால் தாங்கள் வாசலில் நிறுத்திவிடுவீர்களோ என்று பயமாயிருக்கிறது.

தலை குனிந்து,
ராஜையன்

பி.கு.: இதை ஞாயிற்றுக்கிழமை ஒட்டி, திங்களும் செவ்வாயும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். இன்று புதன். காலையில் ரெஜிஷா ஸ்கூட்டரில் ஆபீசுக்கு வந்தாள். ஆகையால் ஒட்டியதைப் பிரித்து, இடம் போதாமல் ஒரு வெள்ளைத்தாளும் சேர்த்து எழுதுகிறேன்.

அவளைச் சம்மதிக்க வைக்கும் சிரமம் தங்களுக்கு வேண்டாம். மூன்று கடையும் போன வாரமே அவள் பெயருக்கு மாறிவிட்டன. மூவரும் தனித்தனியாக அவளைத் தேடிப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் பந்தியிலேயே தெரியுமாம். தெரியாமல் எப்படி இருக்கும், மெயினை இறக்கிவிட்டு வந்தது அவர்கள்தானே. "பெண்ணைப் பெத்தவனைப் பந்தியில வச்சுக் கேக்கப்பிடாது, அதான் வாயை மூடி மிண்டாம இருந்தோம்" என்று அண்ணாச்சி சொன்னாராம். நான் ஒப்புக்கொள்ளப் போனபோது சேலையையும் குலையையும் ஊசியையும் எடுத்ததும் அதற்காகத்தானாம். நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எனக்குச் சங்கடம் என்று மூவரும் போனில் பேசி வைத்திருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறாள். விடுமுறை அட்டவணை என் பொறுப்பு. அதில் கல்யாணத்துக்குத் தனியாக நாலாவது கலர். நான் யாருக்கு எந்த அழைப்பிதழ் கொடுப்பதானாலும் முதலில் அவளிடம் காட்ட வேண்டும். அடுத்த வாரம் வியாழக்கிழமை அவள் புது ஆபீசைத் திறக்கிறாள், மூன்று பேரும் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வருகிறார்கள். மூணு பேரும் ஒரே நாளு பூட்டினா என்ன செய்வோம் மக்களே என்று கேட்டேன்.

"நாலாவது நகல் வச்சாச்சு மாமா" என்றாள்.

விளக்கேற்றப் போவது அப்பாதான் என்றும் சொன்னாள். அப்படியானால் தங்களுக்கும் எல்லாம் தெரியும். நான் ஒரு வாரம் வேர்த்து எழுதிய இந்தக் கடிதத்தில் தங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்றுகூட இல்லை. இருந்தும் இதைத் தபாலில் சேர்க்கிறேன். அவள் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. வியாழக்கிழமை சாப்பாட்டில் அவளை வேலை செய்ய விடாமல் முதல் பந்தியில் உட்கார வையுங்கள். பப்படத் தட்டு என் கையில் இருக்கும்.